அளகுமீனா பேசுறேன்

என் கம்பெனியில் மொத்தமே ஒரு ஆள். முதலாளி நான், மேனேஜர் நான், பார்சல் கட்டுவதும் நான். கட்டிய பார்சல் கோணலாக இருக்கிறது என்று திட்டுவதும் நான்தான். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் ஒருவரைத் திட்டி, அவர் என்னைத் திருப்பித் திட்டாத இடம் இந்தக் கம்பெனி ஒன்றுதான். அதனால் இதன் மேல் எனக்குத் தனிப் பாசம்.

கம்பெனிக்கும் என் பெயர்தான், சம்சு லேபிள்ஸ். இடம் விருதுநகரில் எங்கள் வீட்டு மாடி அறை. ஆன்லைனில் ஆர்டர் எடுப்பேன், சிவகாசியில் கொடுத்து அச்சடிப்பேன், கூரியரில் அனுப்புவேன். பிள்ளைகளின் நோட்டில் ஒட்டுகிற பேர் ஸ்லிப், சமையலறை டப்பாவில் ஒட்டுகிற லேபிள், கல்யாணத் தாம்பூலப் பையில் ஒட்டுகிற ஸ்டிக்கர், எல்லாம் உண்டு. ‘ஒட்டினால் ஒட்டியதுதான்’ என்பது எங்கள் வாசகம். பசையுள்ள தொழில் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

இந்த ஒற்றை ஆள் ஏற்பாடு என் யோசனை இல்லை. என் மனைவி அக்தர் பேகம் போட்ட நிபந்தனை. நோன்புப் பெருநாள் அன்று பிரியாணி சாப்பிட்ட தைரியத்தில் நான் புதுத் தொழில் ஆரம்பிக்கப் போவதாக அறிவித்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டே என் பழைய தொழில்களை நினைவுபடுத்தினாள். மல்லித்தூள் பாக்கெட் ஒன்று, மொபைல் கவர் கடை ஒன்று.

“ரெண்டுலயும் என்ன செஞ்சீக? மொதல்ல ஆளைப் போட்டீக. அப்புறம் அவுக உக்கார நாற்காலி போட்டீக. கடைசியில பூட்டைப் போட்டீக.”

“இது அப்படி இல்ல அக்தரு.”

“அப்ப தீபாவளி வரைக்கும் ஒத்தை ஆளா ஓட்டிக் காட்டுங்க. ஒரு ஆளு வச்சாலும் சரி, யாருகிட்ட ஒத்தாசை கேட்டாலும் சரி, பேசாம ஆலங்குளத்துக்குப் பொட்டியக் கட்டுங்க.”

ஆலங்குளத்தில் இருப்பது என் மச்சான் சுல்தானின் சிமெண்ட் கடை. அக்தரின் அண்ணன். மல்லித்தூள் படுத்தபோது அங்கே இரண்டு மாதம் இருந்தேன். முதலாளியின் மச்சான் என்றால் கல்லாவில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்துப் போனேன். மூட்டைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். தும்மினால் மூக்கிலிருந்து புகை வரும். வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் என் தலையணை உறை சாம்பல் நிறமாகும். மறுபடி அங்கே போவதென்றால் நான் செத்தே போவேன் என்று தோன்றியது. அதனால் நிபந்தனைக்குச் சம்மதித்தேன்.

தொழில் பிய்த்துக்கொண்டு போனது. நம்ப மாட்டீர்கள், எனக்கே நம்பிக்கை இல்லை. சமையலறை லேபிளுக்கு அப்படி ஒரு கிராக்கி. ஆனால் ஒரு மாதத்தில் திட்டு ஆரம்பித்தது. காரணம் ‘ழ’.

எங்கள் தெருவில் ‘ழ’ கிடையாது. மழை எங்களுக்கு மளை, கோழி கோளி, பழம் பளம். சொல்வதில் பிரச்சினை இல்லை, எழுதும்போதுதான் சிக்கல். நான் படித்த காலத்திலேயே ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வாயில் ‘ள’ வந்தால், கையில் ‘ழ’ எழுது. அந்தச் சூத்திரப்படி நான் அடித்து அனுப்பிய லேபிள்களில் மிழகு இருந்தது, புழி இருந்தது, உழுந்து இருந்தது.

அக்தர் காரியாபட்டிக்காரி. தமிழில் பட்டம் வாங்கியவள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வாழைப்பழம் என்று சொன்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் இன்னொரு தரம் சொல்லச் சொல்வார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அது ஒத்தாசை, ஒத்தாசை என்றால் ஆலங்குளம். திருப்பி வந்த லேபிள்களைப் பார்த்து அவளும் வாயைத் திறக்கவில்லை. வீணாக்க வேண்டாம் என்று எல்லாவற்றையும் எங்கள் வீட்டு டப்பாக்களில் ஒட்டினாள். நான் சாப்பிட உட்காரும் இடத்தைப் பார்த்தபடி மிழகும் புழியும் உழுந்தும் வரிசையாக நின்றன. நான் தலையைக் குனிந்து சாப்பிடப் பழகினேன்.

போனில் வாடிக்கையாளர்கள் கிழித்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், மிழகு என்று ஒட்டினால் என் மாமியார் என்னைத்தான் திட்டுவார் என்று அழாத குறை. சொன்ன வார்த்தையை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். புதிய ஆர்டர் புதிய வார்த்தையைக் கொண்டுவந்தது, புதிய வார்த்தை புதிய திட்டைக் கொண்டுவந்தது.

ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. போன் அடித்தது. எடுத்து ‘ஹலோ’ என்றேன், குரல் மெல்லிசாகக் கீச்சென்று வந்தது. எதிர்முனையில் இடி முழங்கிக்கொண்டிருந்த ஆள் சட்டென்று அடங்கினார். “பரவால்லம்மா, நீ என்ன பண்ணுவ, உங்க ஓனர்ட்ட சொல்லி மாத்தி அனுப்பும்மா” என்றார். பிறகு பெயரைக் கேட்டார். மேசையில் அன்று அனுப்ப வேண்டிய பேர் ஸ்லிப் கிடந்தது. அழகுமீனா, ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு.

“அளகுமீனா பேசுறேன்” என்றேன்.

என்னால் சொல்ல முடியாத பெயரை நானே எனக்கு வைத்துக்கொண்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. உறைத்ததெல்லாம் ஒன்றுதான். சம்சுவைத் திட்டுகிற உலகம் அழகுமீனாவைத் திட்டாது. அன்றிலிருந்து தொண்டை சரியான பிறகும் அழகுமீனாவை விடவில்லை. வாயில் துண்டை வைத்துக்கொண்டு பேசினேன். அழகுமீனா வருத்தம் தெரிவித்தாள், பொறுமையாகக் கேட்டாள், ஓனரைக் கண்டித்து வைப்பதாக வாக்குக் கொடுத்தாள். ஆர்டர் இரட்டிப்பானது.

இரண்டு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அக்தர் தன் போனைப் பார்த்தபடி வந்து நின்றாள்.

“ஏங்க, அழகுமீனா யாரு?”

அவள் எங்கள் கடையின் ஆன்லைன் பக்கத்தில் வாடிக்கையாளர் எழுதியதை வாசித்தாள். ‘அழகுமீனா மேடத்தின் பொறுமைக்கே ஐந்து நட்சத்திரம்.’

எனக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஆமாம், ஆள் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் அடுத்த பஸ் ஆலங்குளத்துக்கு. ஆள் இல்லை, அது நான்தான் என்று சொன்னால் அதைவிட மோசம். விஷயம் சுல்தான் மச்சான் காதுக்குப் போகும். அவர் ஜமாஅத்தில் நாலு பேர் மத்தியில் ‘வாங்க அளகுமீனா’ என்பார். சிமெண்ட் தூசியைக் குளித்தால் போக்கலாம், அந்தப் பெயர் போகவே போகாது. மூன்றாவதாக ஒரு வழி வேண்டும் என்று அல்லாவை நினைத்தேன். வாயில் தானாக வந்தது.

“அது ஆளில்ல. கம்ப்யூட்டரு. இப்ப எல்லாக் கம்பெனியிலயும் வந்துருச்சு. சொல்லி வச்சா அதுவே பேசும்.”

“பொம்பளைக் குரல்லயா?”

“ஆம்பளைக் குரலும் இருக்கு. அதுக்கு ரேட்டு கூட.”

“அப்ப ஆளு வைக்கல.”

“கம்ப்யூட்டரை யாராவது ஆளுன்னு சொல்லுவாகளா?”

“அதானே. கம்ப்யூட்டர் ஆளில்ல” என்றாள். சொல்லிவிட்டு, அதையே வாய்க்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடா மறுநாள் மதியம் வரைதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாடியில் கம்பெனி போன் அடித்தது. எழுந்தேன். “எங்க எந்திரிக்கீக? அதான் கம்ப்யூட்டர் எடுக்கும்ல?” என்று அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் வேறு கால் பேசிக்கொண்டிருக்கும் என்றேன். கம்ப்யூட்டருக்கும் கை ரெண்டுதானா என்று கேட்டுவிட்டு ரசம் ஊற்றினாள். அன்றிலிருந்து நான் சாப்பிடும் வேகம் கூடியது, வயிறு கெட்டது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு நசிமாவைக் கூட்டி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் போன் போட்டாள். அவர்கள் கீழே, நான் மேலே துண்டும் வாயுமாக.

“உன் பேரென்னம்மா?”

“அளகுமீனா.”

“நல்லாச் சொல்லு.”

“அளகுமீனா.”

“சரி, மழைன்னு சொல்லு.”

“மளை.”

“வாழைப்பழம்?”

“வாளப்பளம்.”

கீழே நசிமா சிரிக்கும் சத்தம் போனிலும் கேட்டது, தரை வழியாகவும் கேட்டது. கம்ப்யூட்டருக்கு எந்த ஊர் என்று அக்தர் விசாரித்தாள். எனக்கு ஊர் கிடையாது, நான் ஒரு கம்ப்யூட்டர் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாடிக்கையாளரிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசிப் பேசிப் பழகிய வாய்.

“சாப்பிட்டீகளா?” என்றேன்.

எனக்கு இருமல் வந்துவிட்டது. நன்றாகவே இருமினேன். கம்ப்யூட்டர் இருமுமா என்று நசிமா கேட்க, “வைரஸ் பிடிச்சிருக்கும்” என்று அக்தரே சமாதானம் சொல்லி போனை வைத்தாள். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். படித்தவள்தான், ஆனாலும் வெகுளி என்று நினைத்து அவள் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் நான் ஜும்ஆ தொழுகைக்குப் போவேன். கம்பெனி போன் மாடியிலேயே இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் ஒரு மிஸ்டு கால் இருக்காது. மற்ற நாளில் பத்து நிமிடம் அசந்தால் ஏழெட்டு விழுகிற போன் அது. தமிழ்நாடு முழுக்க என் வாடிக்கையாளர்கள் அந்த நேரத்தில் தொழுகைக்குப் போய்விடுகிறார்கள் என்று நினைத்து எனக்கு மனது நெகிழ்ந்துபோனது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. மதுரையில் ஒரு இனிப்புக் கடை. பெட்டி மேல் ஒட்ட ஐயாயிரம் ஸ்டிக்கர். அழகுமீனா பேசிப் பிடித்த ஆர்டர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாசகத்தை என் கைப்படப் பெரிதாக எழுதி, போட்டோ எடுத்து, சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன். சனிக்கிழமை ஓட்டி முடித்துத் திங்கட்கிழமை மதுரையில் கொடுக்க வேண்டும். காலண்டர் சீசன், அச்சகத்தில் இன்னொரு தரம் ஓட்ட மெஷின் கிடைக்காது.

சனிக்கிழமை காலை சுவரில் இருந்த காலண்டருக்கு முன்னால் நின்று, என் விடுதலைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன். சிவப்பு எழுத்தில் தீபாவளி என்று போட்டிருந்தது. அடித்த ஆளுக்கு எழுத்துத் தெரியவில்லையே, ‘ளி’ போட்டிருக்கிறானே என்று சிரித்தேன். பக்கத்தில் போன வருடக் காலண்டர் தொங்கியது. அதிலும் ‘ளி’. அடுப்படி ஜன்னலில் சொருகியிருந்த பழைய பட்டாசுக் கம்பெனிப் பையை ஓடிப்போய்ப் பார்த்தேன். அதிலும் அப்படியே. நான் எழுதி அனுப்பியது இதுதான்: ‘இனிய தீபாவழி நல்வாழ்த்துகழ்.’

ஐயாயிரம் பெட்டி. அத்தனையிலும் என் சூத்திரம். கடைக்காரர் ஆர்டரைத் தூக்கி எறிவார், என் கடைப் பக்கத்தில் நட்சத்திரம் எல்லாம் உதிரும், தீபாவளிக்கு நான் ஆலங்குளத்தில் தும்மிக்கொண்டிருப்பேன். அச்சகத்துக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. மெஷின் ஓடினால் அங்கே பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது. சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி போனையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

“அந்தப் போனை எங்க கொண்டுபோறீக? கம்ப்யூட்டர் மேலதான இருக்கு?” என்றாள் அக்தர்.

மேலே போய் வைத்துவிட்டு வந்து சிவகாசி பஸ்ஸைப் பிடித்தேன். திருத்தங்கல் வரைக்கும் தெரிந்த ஓதல் எல்லாம் ஓதி முடித்துவிட்டேன். அச்சகத்துக்குள் நுழையும்போதே மெஷின் ஓடி ஓய்ந்திருந்தது. ஸ்டிக்கர் தாள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் இல்லை. அச்சக மேனேஜர் விக்னேஷ்குமார் சிரித்துக்கொண்டே ஒரு தாளை உருவி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்.

மூன்று தரம் வாசித்தேன். ‘ளி’யைத் தொட்டுப் பார்த்தேன், மை விரலில் ஒட்டியது. பக்கத்தில் இருந்த காலண்டர் அட்டைக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பெற்ற பிள்ளை பரீட்சையில் பாஸானபோதுகூட எனக்கு இப்படி வரவில்லை.

“நீங்க எழுதுனதைப் பாத்து எனக்கே சந்தேகமாப் போச்சு பாய். முன்னாடியும் இப்படித்தான் எழுதுவீக, திருத்துனா கோவிச்சுக்கிடுவீகன்னு விட்ருவேன். இது பெரிய ஆர்டராச்சேன்னு நேத்து மத்தியானம் உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். மேடம்தான் ரெண்டு வார்த்தையும் திருத்திச் சொன்னாக.”

“எந்த மேடம்?”

“அளகுமீனா மேடம். முன்னல்லாம் அவுகளுக்குத் தொண்டை என்னமோ மாதிரி இருக்கும் பாய். இப்ப வெள்ளிக்கிழமையில பேசுனா எம்புட்டு சுத்தமா இருக்கு. பேரைச் சொல்றதே தனி அளகு.”

நான் பள்ளிவாசலில் இருந்த நேரத்தில் அழகுமீனா தானாகப் போன் எடுத்திருக்கிறாள். எழுத்துப்பிழை பார்த்திருக்கிறாள். ஒரு நிமிடம் நான் சொன்ன பொய்யை நானே நம்பினேன். பிறகுதான், எங்கள் வீட்டில் ‘ழ’ வருகிற வாய் ஒன்றே ஒன்றுதான் என்பது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் மாடிப்படி ஏறினேன். என் நாற்காலியில் அக்தர். காதில் கம்பெனி போன்.

“வணக்கம், சம்சு லேபிள்ஸ். அழகுமீனா பேசுறேன்.”

அந்த ‘ழ’ அறை முழுக்கச் சுற்றி வந்தது. அவள் பேசி முடிக்கும்வரை நின்றேன். ஒரு புது ஆர்டர் எடுத்தாள், எழுதிக்கொண்டாள், போனை வைத்தாள்.

“எம்புட்டு நாளாத் தெரியும்?”

“போன்ல பேரைக் கேட்ட அன்னைக்கேதான். எந்தக் கம்ப்யூட்டர்ங்க மளைன்னு சொல்லும்? எந்தக் கம்ப்யூட்டர் சாப்பிட்டீகளான்னு கேக்கும்?”

“நசிமாவுக்கு?”

“அவளுக்கு அது கம்ப்யூட்டர்தான். எங்க அண்ணனுக்கும் தெரியாது, பயப்படாதீக.”

எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தான் போட்ட கண்டிசனைத் தானே எப்படி மீறுவது, வெளிப்படையாகத் திருத்திக் கொடுத்தால் நான் ஆள் வைத்த மாதிரி ஆகிவிடாதா என்றாள். மிழகு டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுவென்று வந்ததாம். நல்லவேளை, வழியை நானே சொல்லிக் கொடுத்தேனாம்.

“கம்ப்யூட்டர் ஆளில்லைன்னு நீங்கதான சொன்னீக? அதான் நீங்க தொழுகைக்குப் போற நேரம் நான் கம்ப்யூட்டராயிக்கிட்டேன்.”

“அப்ப ஆலங்குளம்?”

“எதுக்கு? ஒத்தை ஆளும் ஒரு கம்ப்யூட்டருமா நல்லாத்தான ஓட்டுறீக. நீங்க வரமாட்டீகன்னு அண்ணன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்.”

அல்ஹம்துலில்லாஹ். இந்த ஆறு மாதத்தில் அப்படி ஒரு மூச்சு நான் விட்டதில்லை. மதுரை ஆர்டர் பிழைத்தது, கம்பெனி பிழைத்தது, என் மூக்கு பிழைத்தது. வாயில் வைக்கும் துண்டை எடுத்து அழுக்குக் கூடையில் போட்டேன். இனி போன் எடுப்பதும் எழுத்துத் திருத்துவதும் கம்ப்யூட்டர்தான் என்று அக்தர் சொன்னபோது, அந்த நிம்மதியில் அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் தெரிந்தது.

“அக்தரு, பசிக்குது. சோறு எடுத்து வையேன்.”

அவள் என்னை ஒரு தரம் நிதானமாகப் பார்த்துவிட்டு, அடித்த போனைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“கம்ப்யூட்டர் சோறு பொங்குமாங்க?”

அடுப்படிக்கு இறங்கினேன். எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை, எல்லா டப்பாவிலும் பெரிய எழுத்தில் என் லேபிள் இருந்தது. அன்றைக்கு மட்டுமல்ல, அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் நான் வைக்கிற மிழகு ரசம்தான்.